கல்லூரிக்குப் போற பிள்ளை காலையில் சாப்பிட்டுச்சா?

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவள். பத்தாவது வரைக்கும் படிச்சவள். வீட்டையும் ரெண்டு ஆட்டையும் பார்த்துக்கிட்டு, எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காலை உணவும் சமைக்கிறேன். கடன், சேமிப்பு, தொழில் பற்றி எனக்கு முன்னால் பேசினவங்க நல்லாப் பேசினாங்க. நான் பேசப் போறது நம்ம வீட்டில் இருந்து முதல் வருஷம் கல்லூரிக்குப் போற பிள்ளைகளோட சாப்பாட்டைப் பற்றி. இதுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்னு நினைப்பீங்க. சம்பந்தம் இருக்கு. என் வீட்டில் நடந்ததைச் சொன்னா உங்களுக்கே புரியும்.

எனக்கு ரெண்டு பிள்ளைகள். மூத்தவள் மகள். சின்னவன் நாலாவது படிக்கிறான். மகள் போன வருஷம் பன்னிரண்டாவது முடிச்சு அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். எங்க ரெண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரி வாசலை மிதிச்ச முதல் ஆள் அவள்தான். சேர்க்கைக் கட்டணம், நல்ல துணிமணி, ஒரு செல்போன், பை, செருப்பு எல்லாத்துக்கும் சேர்த்துக் குழுவில் 20,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். பத்துத் தவணை. மாதம் 2,000 ரூபாய் அசலும், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியும். என் வீட்டுக்காரர் கொத்தனாருக்குச் சித்தாள் வேலைக்குப் போறவர். மழைக்காலத்தில் வேலை இருக்காது. ஆனாலும் எங்க குழு ஆரம்பிச்ச நாளில் இருந்து தவணை தவறாத குழுன்னு பேர் வாங்கின குழு. அந்தப் பேரை நான் கெடுத்துடக் கூடாதுன்னு பயம்.

மகளுக்குக் கல்லூரி முதல் ஷிப்ட். காலை எட்டே முக்காலுக்குத் தொடங்கி ஒன்றரை மணிக்கு முடியும். எங்க ஊரில் இருந்து ரோட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர். அங்கே 7.10-க்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாதுங்கிறதால பஸ் செலவு இல்லை. பஸ்ஸில் நிக்கத்தான் இடம் இருக்காது.

நான் காலையில் 5.30-க்கே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிடுவேன். உப்புமா, கிச்சடி, பொங்கல்னு அந்தந்த நாளுக்கு உரியதைச் சமைச்சு, காய் போட்ட சாம்பார் வச்சு, பிள்ளைகள் வகுப்புக்குப் போறதுக்கு முன்னால் பரிமாறணும். மகள் எழுந்து குளிச்சுக் கிளம்புறப்போ நான் வீட்டில் இருக்க மாட்டேன். அடுப்பில் ஒரு டீ வச்சுக் குடிச்சுட்டுப் போயிடுவாள். "சாப்பிட்டியா"ன்னு சாயங்காலம் கேட்டா "ம்"னு சொல்லுவாள். நானும் விட்டுடுவேன்.

டிசம்பர் மாதம் ஒரு நாள் பதினோரு மணிக்கு அவள் தோழி போன் பண்ணினாள். "அத்தை, உங்க பொண்ணு வகுப்புலயே மயங்கி விழுந்துட்டா. இப்போ முழிச்சுட்டா, பயப்படாதீங்க"ன்னு. பயப்படாம எப்படி இருக்கிறது? வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போய் அழைச்சுட்டு வந்து, மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். நர்ஸ் அம்மா கண்ணோட கீழ் இமையை இழுத்துப் பார்த்தாங்க. வெளுத்துப் போய் இருந்துச்சு. விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. 8.6 இருந்துச்சு. பெண்களுக்குப் பன்னிரண்டு இருக்கணும், அதுக்குக் கீழே போனா ரத்தசோகைன்னு சொன்னாங்க.

அப்புறம் மகளைப் பார்த்துக் கேட்டாங்க: "காலையில என்னம்மா சாப்பிடுவே?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பதில் சொல்லலை. நர்ஸ் அம்மா விடலை. ஒவ்வொரு வேளையா கேட்டு ஒரு தாளில் எழுதினாங்க. ராத்திரி எட்டரைக்குச் சாப்பாடு. காலையில் டீ. பதினோரு மணி இடைவேளையில் ஒரு டீ, ஒரு பன். சில நாள் டீ மட்டும். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போது மணி மூன்று. அவங்க கூட்டிச் சொன்னாங்க: "ராத்திரி எட்டரையிலிருந்து மத்தியானம் மூணு மணி வரைக்கும் பதினெட்டரை மணி நேரம். அதுக்கு இடையில உள்ளே போனது ரெண்டு டீயும் ஒரு பன்னும்தான்."

அதுக்கு அப்புறம் என்னைக் கேட்டாங்க: "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பள்ளிக்கூடத்துல காலை உணவு சமைக்கிறேன் மேடம்"னு சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லலை. எனக்குத்தான் தலை குனிஞ்சு போச்சு. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பொங்கலும் சாம்பாரும் ஊத்துற கை இது. பெத்த பிள்ளை வெறும் வயித்தோட பஸ்ஸில் தொங்கிக்கிட்டுப் போனது எனக்குத் தெரியலை.

அன்னைக்கு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "ஏன் சாமி, நான் தர்ற இருபது ரூபாய்க்கு டீயோட எதாவது வாங்கிச் சாப்பிடலாம்ல?" அவள் சொன்னாள்: "தவணை தேதி வந்துடும்ல அம்மா. பன் எட்டு ரூபா. வாங்காம விட்டா மாசத்துக்கு நூறு நூத்தம்பது மிஞ்சும்." மிஞ்சின காசை எல்லாம் ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வச்சிருந்தாள்.

அக்கா தங்கைமார்களே, இன்னொன்றையும் மறைக்காமச் சொல்லிடுறேன். அரசுப் பள்ளியில் ஆறாவதில் இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் படிச்ச பிள்ளைங்கிறதால புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூணு மாதமும் அதை அப்படியே எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிக் குழுவில் கட்டினேன். பாஸ் புத்தகத்தில் வரவு எழுதினப்போ பெருமையா இருந்துச்சு. அந்தப் பணம் படிக்கிற பிள்ளையோட செலவுக்குக் கொடுக்கிற பணம். அதுதான் அவள் முட்டை, அதுதான் அவள் பழம். என் தவணை தவறலை. என் மகளோட காலைச் சாப்பாடு தவறிப் போச்சு.

பன்னிரண்டாவது வரைக்கும் நல்லா இருந்த பிள்ளை ஆறே மாதத்தில் ஏன் இப்படி ஆச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படிக்கிற வரைக்கும் அவளைச் சுத்தி ஒரு வேலி இருந்துச்சு. பத்தாவது வரைக்கும் மதியம் சத்துணவு, தினம் ஒரு முட்டை. வாரம் ஒரு முறை டீச்சர் கண் முன்னாலேயே போட வைக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. வருஷத்துக்கு ரெண்டு தடவை குடற்புழு மாத்திரை. பதினொண்ணாவதில் இலவச சைக்கிள். எங்க ஊரில் இருந்து மேல்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டர். போக வர பத்துக் கிலோமீட்டர் தினமும் மிதிச்சாள். விளையாட்டுப் பீரியடில் கோ-கோ ஆடினாள். பள்ளிக்கூடம் பத்து மணிக்கு முன்னால்தான் தொடங்கும், அதனால் நிதானமா சாப்பிட்டுப் போனாள்.

கல்லூரியில் சேர்ந்ததும் இதெல்லாம் ஒரே மாதத்தில் நின்னு போச்சு. மாத்திரை இல்லை, கேட்க டீச்சர் இல்லை, விளையாட்டுப் பீரியட் இல்லை. அந்த சைக்கிள் எங்க வீட்டுத் தகரக் கொட்டகையில் நின்னுச்சு, அதன் மேல் கோழி அடைஞ்சுச்சு. ரோடு வரைக்கும் அப்பா வண்டியில் கொண்டு போய் விடுவார். மூணு மணிக்கு வந்து சோறு சாப்பிட்டதும் ஒரு டீ. அப்புறம் ஐந்தரை வரைக்கும் தூக்கம். எழுந்தா செல்போன். "கல்லூரிக்குப் போற பிள்ளை, பாவம் களைச்சு வருது"ன்னு தண்ணி எடுக்கிறது, ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறது எல்லாத்தையும் நானே பார்த்துக்கிட்டேன். நான் பாசம்னு நினைச்சேன். பிள்ளைக்கு உடம்பு அசையவே வழி இல்லாமப் போச்சு.

பையன்களும் இதில் தப்பலை. எங்க குழு அக்கா ஒருத்தர் மகன் பொறியியல் கல்லூரி விடுதியில் இருக்கான். ஊரில் இருந்தப்போ சாயங்காலம் ஆனா கபடிக் களத்தில்தான் இருப்பான். அங்கே போனப்புறம் விடுதிச் சாப்பாடு பிடிக்கலைன்னு ராத்திரி பத்து மணிக்கு வெளியே புரோட்டா, இனிப்புத் தண்ணி பாட்டில். அப்புறம் விடிய விடிய செல்போன். காலையில் எழ நேரமாகி, சாப்பிடாமலே வகுப்பு. முதல் வருஷ லீவுக்கு வந்தப்போ எட்டு கிலோ கூடியிருந்தான். "நல்லா தேறிட்டான்"னு நாங்க எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆனா ஒரு மாடி ஏறினா மூச்சு வாங்குது அவனுக்கு. என் மகள் இளைச்சாள், அந்தத் தம்பி பெருத்தான். ரெண்டு பேருக்கும் காரணம் ஒண்ணுதான். வேளைக்குச் சாப்பாடு இல்லை, உடம்புக்கு வேலை இல்லை.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புன்னு அரசாங்கம் எடுக்கிறது. 2019-21-இல் எடுத்ததில் நம்ம தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கு. இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிற நம்மையே எடுத்துக்கோங்க. ரெண்டு பேரில் ஒருத்தருக்கு இருக்கும். மாதாமாதம் ரத்தம் போறதால பெண்களுக்கு ஆண்களை விட இரும்புச்சத்து கூடுதலா வேணும். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம்னு கணக்குச் சொல்லுது. ஆனா நம்ம வீட்டில் மீன் துண்டும் முட்டையும் முதலில் யார் தட்டில் விழுது? நீங்களே சொல்லுங்க.

சரி, அப்புறம் என்ன செஞ்சோம்னு சொல்றேன்.

முதலில் மாத்திரை. சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாவே கொடுத்தாங்க. ஆரம்பத்தில் வயிறு புரட்டுதுன்னு ஒளிச்சு வச்சாள். நர்ஸ் அம்மா ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொன்னாங்க. மலம் கறுப்பாப் போகும், பயப்பட வேண்டாம்னும் சொன்னாங்க. சாப்பிட்ட கையோட டீ குடிக்கக் கூடாது, அது சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாதாம். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இதெல்லாம் சேர உதவுமாம். எங்க வீட்டில் மூணு மணி டீயை ஐந்து மணிக்கு மாத்தினோம். இதுக்கு ஒரு பைசா செலவு இல்லை.

அடுத்தது காலைச் சாப்பாடு. "ஆறரை மணிக்குத் தொண்டையில இறங்கலம்மா"ன்னு மகள் சொன்னது பொய் இல்லை. அந்த நேரத்தில் நமக்கும் இறங்காதே! அதனால் ரெண்டாப் பிரிச்சோம். கிளம்பும்போது ரெண்டு இட்லி, இல்லைன்னா ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ். பதினோரு மணிக்கு ஒரு சின்ன டப்பா. அதில் ஒரு வேகவைத்த முட்டை, ஒரு கடலை உருண்டை, ஒரு வாழைப்பழம். சில நாள் முட்டைக்குப் பதில் தட்டைப்பயறுச் சுண்டல். ராத்திரியே ஊற வச்சுடுவேன். முட்டை 7 ரூபாய், உருண்டை 5, பழம் 5, ஆக 17 ரூபாய். டீயும் பன்னும் 20 ரூபாய். கணக்குப் புத்தகம் எழுதிப் பழகின நமக்கு இதில் எது லாபம்னு தெரியாதா?

முதல் ரெண்டு வாரம் டப்பா அப்படியே திரும்பி வந்துச்சு. முட்டை வாசம் அடிக்கும், தோழிங்க கேலி பண்ணுவாங்கன்னு கூச்சம். நான் திட்டலை. அடுத்த நாள் சுண்டலை ரெண்டு பங்கா வச்சு, "உன் தோழிக்கும் கொடு"ன்னு சொன்னேன். அன்னைக்கு டப்பா காலியா வந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த மூணு தோழிகளும் காலையில் சாப்பிடாம வர்றவங்கதான். இப்போ நாலு பேரும் ஆளுக்கு ஒண்ணு கொண்டு வந்து பகிர்ந்து சாப்பிடுறாங்க. இன்னொரு விஷயமும் மகள் சொன்னாள். அங்கே கழிப்பறை சரியில்லைன்னு பெண் பிள்ளைகள் பலர் தண்ணியே குடிக்கிறதில்லையாம். இதை நாம பிள்ளைகளிடம் கேட்டாத்தான் தெரியும். கேட்டுட்டுப் பெற்றோரா போய்ப் பேசவும் வேணும்.

மூணாவது உடம்பை அசைக்கிறது. பதினெட்டு வயசு ஆனவங்க வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் உடம்பு வேர்க்க நடக்கவோ மிதிக்கவோ விளையாடவோ வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஐந்து நாளுக்குப் பிரிச்சா அரை மணி நேரம்தான். ரத்தம் கொஞ்சம் ஏறினப்புறம், டாக்டர் சரின்னு சொன்ன பிறகு, சைக்கிளைத் துடைச்சு டயர் மாத்தினோம். இப்போ ரோடு வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர் சைக்கிளில்தான் போறாள். தெரிஞ்சவங்க கடையில் நிறுத்திட்டுப் பஸ் ஏறுறாள். சாயங்காலம் கண்மாய்க் கரையில் நாங்க நாலு பேர் நடக்கிறோம், மகளும் வர்றாள். "வயசுப் பொண்ணு எதுக்குக் கரையில சுத்துது"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். "பெத்தவ கூடத்தானே மாமா வர்றா"ன்னு சொன்னேன். அப்புறம் கேட்கலை.

நாலாவதுதான் நம்ம குழுவைப் பற்றியது. டிசம்பர் குழுக்கூட்டத்தில் எழுந்து நின்னு நடந்ததை எல்லாம் சொல்லிட்டேன். மிச்சம் 10,000 ரூபாயை மாதம் 1,000 வீதம் பத்து மாதமாக் கட்ட அனுமதி கேட்டேன். வாக்குவாதம் வந்துச்சு. "உனக்கு நீட்டினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க, குழுப் பேரு என்ன ஆகும்"னு ஒரு அக்கா கேட்டாங்க. அவங்க கேட்டதிலும் நியாயம் இருக்கு. கடைசியில் எங்க ஊக்குநர்தான் ஒரு வழி சொன்னாங்க. இது வங்கிக் கடன் இல்லை, நம்ம சேமிப்பில் கொடுத்த உள்கடன். படிப்புக்கு வாங்கின கடனுக்கு மட்டும் தவணையை நீட்டலாம், வட்டி மாதாமாதம் தவறக் கூடாதுன்னு தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். ஆட்சேபம் சொன்ன அக்காதான் அடுத்த மாதம் அவங்க மகனுக்கு அதே மாதிரி நீட்டிக் கேட்டாங்க. கொடுத்தோம்.

மகளோட ஆயிரம் ரூபாயை அதுக்கு அப்புறம் நான் தொடலை. நாலு மாதம் கழிச்சுப் பார்த்ததில் ரத்தம் 10.9-க்கு வந்திருக்கு. இன்னும் பன்னிரண்டு ஆகலை. மாத்திரை தொடருது. எல்லாம் சரியாப் போச்சுன்னு நான் சொல்ல வரலை. இப்பவும் வாரத்தில் ஒரு நாள் டப்பா திரும்பி வருது. ஆனா மயக்கம் இல்லை. சாயங்காலத் தூக்கம் குறைஞ்சிருக்கு.

கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள் வச்சு முடிச்சுக்கிறேன்.

ஒண்ணு, படிப்புக்கு வாங்குற உள்கடனுக்குத் தவணையைக் குறைச்சு மாதத்தைக் கூட்டி வைக்கலாமான்னு ஒவ்வொரு குழுவும் பேசித் தீர்மானம் போடணும். ரெண்டு, ஜூன் மாதம் கல்லூரியில் சேருற பிள்ளைகள் எல்லாரையும், ஆணோ பெண்ணோ, சேருறதுக்கு முன்னாலேயே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் ரத்தம் பார்க்கணும். அதுக்கு ஒரு நாள் குறிச்சுக் கூட்டமைப்பு ஏற்பாடு செய்யணும். மூணு, குழுக்கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிஞ்சதும் ஒரு கேள்வி கேட்கணும். உன் பிள்ளை இன்னைக்குக் காலையில் சாப்பிட்டுச்சா, என்ன சாப்பிட்டுச்சு? பதில் சொல்லத் தெரியலைன்னா அன்னைக்குச் சாயங்காலமே வீட்டில் கேட்கணும். "ம்"னு சொன்னா விட்டுடாதீங்க. நான் விட்டதுதான் தப்பாப் போச்சு.

தவணை தவறாத குழுங்கிற பேர் நமக்கு வேணும். அதோட நம்ம பிள்ளைங்க சாப்பாடு தவறாத குழுங்கிற பேரையும் சேர்த்து வாங்குவோம்.